லிட்டரில் அளக்க வேண்டிய தூரம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டெட் ஹார்ஸ் பாயின்ட் என்று ஓர் இடம் இருக்கிறது. தமிழில் சொன்னால் ‘செத்த குதிரை முனை’. மேசை போலத் தட்டையான மலையுச்சி; மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை; நான்காவது பக்கம் 27 மீட்டர் அகலத்தில் ஒரு கழுத்து, அவ்வளவுதான். ஒரு காலத்தில் மாட்டுக்காரர்கள் காட்டுக் குதிரைகளை அந்தக் கழுத்து வழியாக உள்ளே விரட்டி, கட்டையும் முள்ளும் போட்டு வாயை அடைத்துவிடுவார்களாம். செலவில்லாத தொழுவம். ஒரு முறை தேவையான குதிரைகளைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுப் போனார்கள், அவை தாகத்தில் செத்தன என்பது ஊர்க்கதை. அந்த முனையில் நின்று எட்டிப் பார்த்தால் 600 மீட்டர் கீழே கொலராடோ ஆறு வளைந்து ஓடுவது தெளிவாகத் தெரியும். குதிரைகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே செத்திருக்கின்றன.

நடந்ததோ இல்லையோ, அந்த நிலத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. அங்கே தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. அடுத்த ஊர் கூப்பிடு தூரத்தில் இருப்பது போலத் தோன்றும், போய்ச் சேர ஒரு நாள் ஆகும். ஜீப்பில் மூன்று நாள், நான்கு நாள் போய்வர ஆசைப்படுகிறவர்கள் முதலில் விட வேண்டியது கிலோமீட்டர்க் கணக்கைத்தான். அங்கே தூரத்தை லிட்டரிலும் மணியிலும் அளக்க வேண்டும்.

முனைக்குத் தென்மேற்கே கேனியன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. 1964 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 1,366 சதுர கிலோமீட்டர். கொலராடோவும் கிரீன் ஆறும் இரண்டு பக்கத்திலிருந்தும் நிலத்தை அறுத்துக்கொண்டு வந்து பூங்காவின் நடுவே கூடுகின்றன. இரண்டுக்கும் இடையில் உயர்ந்து நிற்கும் மேட்டுக்கு ‘வானத்துத் தீவு’ என்று பெயர். அந்த மேட்டைச் சுற்றி, உச்சிக்கும் ஆற்றுக்கும் நடுவே, திண்ணை போல ஒரு பாறைத் தட்டு ஓடுகிறது. அதன் விளிம்பு வெள்ளையாக இருப்பதால் வொயிட் ரிம். அதன்மேல் போகும் மண்சாலை ஒரு சுற்றுக்கு 160 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம். அங்கே இரண்டு முதல் மூன்று நாள்.

முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி, உயர்ந்த அடிப்பாகம், ‘லோ ரேஞ்ச்’ கியர் மூன்றும் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. பகலில் போய்வரவும் அனுமதிச் சீட்டு வேண்டும். இரவு தங்க, குறிப்பிட்ட முகாமை முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு முகாமுக்கு அதிகபட்சம் 15 பேர், 3 வண்டி. சாலை நெடுகிலும் குடிநீர்க் குழாய் கிடையாது, பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது. செல்போன் சிக்னலை நம்பிப் போகக் கூடாது. மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்து வர ஆள் வந்தால் கூலி 1,000 டாலரைத் தாண்டும் என்று பூங்கா நிர்வாகமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

160 கிலோமீட்டருக்கு ஏன் மூன்று நாள்? பதில் பாறையில் இருக்கிறது.

அந்த நிலம் அடுக்கு அடுக்காகப் படிந்தது. ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோர மணல்மேடுகளாக இருந்தவை இறுகி வெள்ளை விளிம்பு மணற்பாறையானது. அதற்குக் கீழே சிவந்த, உதிரும் களிப்பாறை. மேலே இன்னும் சில மென்மையான அடுக்குகள், அவற்றுக்கும் மேலே 20 கோடி ஆண்டு வயதுள்ள விங்கேட் என்ற கடினமான மணற்பாறை. கெட்டி, மென்மை, கெட்டி, மென்மை என்று மாறி மாறி. மழையும் பனியும் மென்மையான அடுக்கை எளிதில் கரைத்துவிடும். அடியில் பிடிமானம் போனதும் மேலேயுள்ள கெட்டிப் பாறை பலகை பலகையாகப் பிளந்து விழும். அதனால்தான் கெட்டி அடுக்கு எல்லாம் சுவராகவும், மென்மையான அடுக்கு எல்லாம் சரிவாகவும், இரண்டும் சந்திக்கும் இடம் திண்ணையாகவும் நிற்கிறது. மாடிப்படியைப் பிரம்மாண்டமாகச் செய்து வைத்தது போல.

இப்போது வண்டிக்காரர் கண்ணால் பாருங்கள். திண்ணையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்க முடியாது. விங்கேட் சுவர் கிலோமீட்டர் கணக்கில் உடையாமல் நிற்கிறது. அது சரிந்து வழிவிட்ட இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் ஷேஃபர் பாதை இறங்குகிறது. முதலில் பழங்குடி மக்கள் நடந்த வழி, பிறகு கால்நடை ஓட்டிய வழி, 1950களில் யுரேனியம் தேடியவர்கள் லாரிக்காக அகலப்படுத்திய வழி. வொயிட் ரிம் சாலையே அந்தக் காலத்து அணுசக்தி ஆணையம் புல்டோசர் விட்டுப் போட்டதுதான். 1952இல் மோவாப் ஊருக்குத் தெற்கே சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் பெரிய யுரேனியப் படிவைக் கண்டுபிடித்ததும், கையில் கதிரியக்கம் காட்டும் கருவியுடன் நாடே கிளம்பி வந்தது. வொயிட் ரிம்மில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. சாலை மட்டும் மிஞ்சியது. பழைய சுரங்க வாய்கள் இன்னும் திறந்து கிடக்கின்றன. உள்ளே ரேடான் வாயு தேங்கியிருக்கும், கூரையும் விழும், நிழல் தேடி ஒதுங்க வேண்டாம்.

ஆக, வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர் எதிரே தெரியும் முகாமுக்குச் சாலை நேராகப் போகாது. இடையில் ஒரு பள்ளத்தாக்கு உள்வாங்கியிருக்கும். அதன் தலை வரை உள்ளே போய், சுற்றி, மறுகரை வழியாக வெளியே வர வேண்டும். சாலை எங்கே போக வேண்டும் என்பதைப் புல்டோசர்காரர் முடிவு செய்யவில்லை, பாறை செய்தது.

ஒரு பயணத்தை வைத்துக்கொண்டே கணக்குப் போடுவோம். நான்கு பேர், இரண்டு ஜீப், மூன்று இரவு, நான்கு பகல்.

தண்ணீர் முதலில். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் என்பது பூங்காவின் கணக்கு. நான்கு பேர், நான்கு நாள்: 64 லிட்டர். வண்டி நின்றுபோனால் காத்திருக்க ஒரு நாள் கூடுதல்: 80. பாத்திரம் கழுவ, ரேடியேட்டர் ஒழுகினால் ஊற்ற என்று சேர்த்தால் 100 லிட்டரில் வந்து நிற்கும். 100 கிலோ, பயணத்தில் ஐந்தாவது ஆள் ஒருவர் ஏறிக்கொண்டது போல, அதுவும் பருமனான ஆள்.

இந்த 4 லிட்டர் ஏன் குறைக்க முடியாதது? சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் வெளிவிடும். மணலில் புதைந்த சக்கரத்தைத் தோண்டும்போது அது பல மடங்காகும். காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் தானாக வெளியேறும். அங்கே கோடையில் 38 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. தோலைவிடச் சூடான காற்று வெப்பத்தை வாங்காது, கொடுக்கும். மிச்சமிருப்பது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கடும் வெயிலில் உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம்.

இதில் ஒரு பொல்லாத்தனம் உண்டு. சென்னையில் வியர்த்தால் சட்டை ஒட்டும், நெற்றியிலிருந்து சொட்டும். வியர்க்கிறது என்பது தெரியும். அந்தச் சொட்டுகிற வியர்வை ஆவியாகாமல் வீணாகிறது என்பது வேறு விஷயம். பாலைவனத்தின் உலர்ந்த காற்றில் வியர்வை தோலில் தென்படும் முன்பே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். “அப்படி ஒன்றும் வியர்க்கவில்லையே” என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு லிட்டர் போயிருக்கும். சாயங்காலம் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருப்பதைப் பார்த்தால்தான் உறைக்கும். அந்த உப்பையும் ஈடுகட்ட வேண்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று வேறொரு ஆபத்து வரும். உப்புக் கடலையும் ஊறுகாயும் உணவுப் பெட்டியில் ஆடம்பரமல்ல.

“ஆறு இருக்கிறதே, அங்கே மொண்டுகொள்ளலாமே” என்று கேட்கத் தோன்றும். வொயிட் ரிம் திண்ணையிலிருந்து ஆறு இன்னும் 300 மீட்டர் கீழே. சாலை ஆற்றோரம் இறங்குவது கிரீன் ஆற்றுப் பக்கத்தில்தான். இறங்கி மொண்டாலும் வருவது பால் கலந்த தேநீர் நிறத்தில் வண்டல். வடிகட்டியில் ஊற்றினால் சில லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். வண்டலின் நுண்துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் மணிக்கணக்கில் அடியில் படியாமல் மிதக்கும். அங்கே படகு விடுகிறவர்கள் இதற்குப் படிகாரம் போடுகிறார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் நேர்மின்னூட்டத்தைக் கொண்டுவந்து துகள்களின் விலக்கத்தைப் போக்க, அவை ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, கீழே இறங்கும். நம் வீடுகளில் கலங்கல் தண்ணீர்க் குடத்தில் படிகாரத்தைச் சுழற்றியதும், அதற்கும் முன்னே பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசியதும் கலங்கலைப் படியவைக்கும் இதே வேலைக்குத்தான். தெளிந்த பிறகு காய்ச்சவோ வடிகட்டவோ வேண்டும். படிகாரம் கிருமியைக் கொல்லாது.

பெட்ரோல் கணக்கில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. தார்ச்சாலையில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் ஜீப், மணலிலும் லோ ரேஞ்சிலும் பாதிதான் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 கிலோமீட்டருக்கு 40 லிட்டர். ஊரில் டேங்க்கை நிரப்பிக்கொண்டால் வொயிட் ரிம்முக்குப் போதும். கேனில் கூடுதலாக எடுத்தால் கழுத்து வரை நிரப்பக் கூடாது. காலைக் குளிரில் நிரப்பிய பெட்ரோல் மத்தியான வெயிலில் விரியும்.

டயர் விஷயத்துக்கு மட்டும் நின்று நிதானமாக வர வேண்டும். உள்ளே போகிறவர்கள் மண்சாலை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு டயரிலும் காற்றை இறக்குவார்கள். பார்க்கிறவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கணக்கைப் பாருங்கள். சாமானுடன் ஜீப்பின் எடை 2,500 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 625 கிலோ. டயரில் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க டயர் தரையில் பதிய வேண்டிய பரப்பு ஏறத்தாழ 250 சதுர சென்டிமீட்டர். நம் தபால் அட்டை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. இரண்டரை டன் வண்டி எட்டுத் தபால் அட்டைகளின் மேல் நிற்கிறது! காற்றை 18 பவுண்டுக்கு இறக்கினால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அட்டை இரண்டு நான்காகும். டயர் ரப்பரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு அச்சொட்டாக வராது, போக்கு இதுதான்.

பரப்பு இரட்டித்தால் மணலின்மேல் அழுத்தம் பாதியாகும். சக்கரம் புதையாமல் மிதந்து போகும். தடம் பக்கவாட்டில் விரிவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் நீளும், டிராக்டரை விட்டுவிட்டுச் சங்கிலிச்சக்கர வண்டிக்கு மாறியது போல. பாறையில் வேறு விதமாக உதவும்: தளர்ந்த டயர் கூர்க்கல்லை எதிர்த்து நிற்காமல் அதன்மேல் போர்த்திக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களின் இடுப்பெலும்பும் நன்றி சொல்லும்.

எல்லாவற்றுக்கும் விலை உண்டு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே உப்பிக்கொண்டு நிற்கும். டயரிலேயே மெல்லிய இடம் அது. ஓரத்துப் பாறை ஒன்று கிழித்துவிட்டால் பஞ்சர் ஒட்ட முடியாது. அதனால்தான் முழு அளவு ஸ்டெப்னி கட்டாயம். சில கார்களில் சாட்டுக்கு வைத்திருக்கும் மெலிந்த ஸ்டெப்னி அங்கே பொம்மை. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்றடிக்காமல் வேகம் எடுத்தால் ரப்பர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடிக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். சாயங்காலம் அளந்த அழுத்தத்தைக் காலையில் அளந்தால் ஒன்றிரண்டு பவுண்டு குறைந்திருக்கும், பதற வேண்டாம். அங்கே பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வருவதுண்டு. குளிர்ந்த காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவே. ஏப்ரலில் பகல் இதமாக இருந்தாலும் இரவில் உறைநிலையைத் தொடும். கம்பளிக்கு இடம் ஒதுக்குங்கள்.

ஷேஃபர் பாதையில் இறங்கும்போது இன்னொரு கணக்கு வேலை செய்யும். 2,500 கிலோ வண்டி 400 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் கிட்டத்தட்ட 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அத்தனை வெப்பமும் நான்கு சக்கரத்திலுள்ள சின்ன இரும்புத் தட்டுகளில்தான் இறங்கும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். மலைப்பாதையில் ஏறிய கியரிலேயே இறங்கு என்று நம் பஸ் டிரைவர்கள் சொல்வது இதைத்தான். எதிரே வண்டி வந்தால் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது அங்கும் மரபு.

சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் எஞ்சினின் விசையெல்லாம் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுழற்றுவதிலேயே போய்விடும். தரையில் பதிந்த சக்கரம் வேடிக்கை பார்க்கும். டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சம விசை கொடுக்கிறது, பிடிமானமே இல்லாத பக்கம் வாங்குவது ஏறக்குறைய பூஜ்யம், ஆகவே மறுபக்கத்துக்கும் பூஜ்யம். இரண்டையும் பூட்டிவிடும் ‘லாக்கர்’ இருந்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் இறங்கி, கல் அடுக்கி, தூக்கிய சக்கரத்துக்குத் தரை கொடுக்க வேண்டும். இரண்டாவது வழிதான் மலிவு. வேலை முடிந்ததும் அடுக்கிய கல்லை எடுத்துப் போடுவது மரியாதை.

இனி பயப்பட வேண்டிய விஷயம். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் ஊரில் வெள்ளத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து, மத்தியானத்துக்கு மேல் இடிமழையாகக் கொட்டும். நிலத்தில் பெரும்பகுதி வழுக்குப் பாறை. உறிஞ்ச மண்ணும் இல்லை, தடுக்க வேரும் இல்லை. சிமென்ட் மொட்டைமாடியில் பெய்த மழை ஒரே குழாய் வழியாக இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியின் பரப்பு பல சதுர கிலோமீட்டர், குழாய் நீங்கள் கூடாரம் போட்டிருக்கும் பள்ளத்தாக்கு.

1997 ஆகஸ்ட் 12 அன்று பக்கத்து மாநிலமான அரிசோனாவில், ஆன்டிலோப் பள்ளத்தாக்கின் குறுகிய பாறை இடுக்குக்குள் இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பெய்தது பல கிலோமீட்டர் மேலே. தலைக்கு மேலிருக்கும் வானம் நீலமாக இருப்பது அந்த நாட்டில் எதற்கும் சாட்சி அல்ல. ஆற்றின் தலைப்பக்கத்து வானத்தைப் பார்க்க வேண்டும்.

“ஜீப்தானே, தாண்டிவிடலாம்” என்கிறவருக்கு ஆர்க்கிமிடிஸ் பதில் வைத்திருக்கிறார். ஜீப்பின் அடித்தட்டு நாலரை மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் என்றால் 8 சதுர மீட்டர். தண்ணீர் அந்தத் தட்டைத் தொட்ட பிறகு, ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கும் 800 கிலோ எடை தண்ணீரின் கைக்குப் போய்விடும். 30 சென்டிமீட்டர் ஏறினால் வண்டி படகு. மிதக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். எடை குறையக் குறைய டயரின் பிடிமானம் தளர்ந்து, பக்கவாட்டில் தள்ளும் நீரே உருட்டிவிடும். நீரின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தால் பெரும்பாலான கார்களும் இரண்டடி இருந்தால் ஜீப்பும் பிக்கப்பும் அடித்துச் செல்லப்படும் என்பது அமெரிக்க வானிலைத் துறையின் எச்சரிக்கை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: மேட்டில் ஏறி அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போடுங்கள். திடீரென வந்த வெள்ளம் சில மணி நேரத்தில் திடீரென வடிந்தும் விடும்.

வடிந்த பிறகு சாலை இருக்குமா என்பது அடுத்த கேள்வி. 2010 ஆகஸ்டில் வொயிட் ரிம் சுற்றின் மேற்கு வாசலான மினரல் பாட்டம் ஏற்றப்பாதை ஒரே வெள்ளத்தில் பல இடங்களில் இடிந்து போனது. செப்பனிட்டுத் திறக்க 2011 ஆயிற்று. சாலை தப்பினாலும் களி விடாது. சின்லி என்ற அடுக்கில் ஆதி எரிமலைச் சாம்பல் மக்கி உண்டான பென்டோனைட் களிமண் கலந்திருக்கிறது. அதன் துகள் சீட்டுக்கட்டு போல மெல்லிய தாள்களால் ஆனது. தாளுக்கும் தாளுக்கும் நடுவே தண்ணீர் புகுந்ததும் உப்பி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். காய்ந்திருக்கும்போது பொரி சிதறியது போலப் பொருபொருவென்று கிடக்கும் அதே மண், நனைந்தால் சோப்பு. நான்கு சக்கரமும் இழுத்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். இதற்கு எந்தக் கம்பெனியும் வண்டி செய்யவில்லை. ஒரு நாள் வெயில் காயக் காத்திருப்பதே வழி. தண்ணீர்க் கணக்கில் கூடுதலாக ஒரு நாளைச் சேர்த்தது இதற்காகத்தான். ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை போனால் வெயில், வெள்ளம் இரண்டின் உச்சத்திலிருந்தும் ஒதுங்கலாம்.

‘ஆஃப் ரோடு’ என்ற பெயரால் ஒரு தப்பெண்ணம் வந்துவிட்டது, சாலையை விட்டு இஷ்டம்போல ஓட்டலாம் என்று. கேனியன்லாண்ட்ஸில் போட்ட தடத்தை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் குற்றம். காரணம் தரையைக் குனிந்து பார்த்தால் தெரியும். வெறும் மணல் போலிருக்கும் இடத்தில் கறுத்து, முடிச்சு முடிச்சாக, கருகிய தோசையின் ஓரம் போல ஒரு மேலோடு படிந்திருக்கும். அது உயிருள்ளது. சயனோபாக்டீரியா, லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து கட்டிய தோல். இதில் முக்கியமான சயனோபாக்டீரியம், மழை நனைத்ததும் மணலுக்குள் நகர்ந்து மேலே வரும். வந்த வழியெல்லாம் பிசுபிசுப்பான உறையை விட்டுவிட்டு வரும். அந்த உறைகள் நூலாகப் பின்னி மணற்பருக்கைகளைத் தைத்து வைக்கின்றன. காற்றடித்தால் மண் பறக்காது, மழை அடித்தால் கரையாது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகவும் கொடுக்கும். மோவாபில் பல்லாண்டுகள் ஆய்வு செய்த ஜேன் பெல்னாப் என்ற சூழலியலாளர்தான் இதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். டயர் ஒரு முறை ஏறினால் காய்ந்த நூல்கள் முறிந்துவிடும். லைக்கனும் பாசியும் பழையபடி வளர்ந்து சேரப் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டும் ஆகும். எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்குவதாக இருந்தாலும் பாறைமேல் ஒதுங்குங்கள்.

மூட்டை கட்டும் கலையை 1869இல் இதே ஆற்றில் வந்த ஒருவரிடம் படிக்கலாம். ஜான் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்த நிலவியலாளர். அந்த ஆண்டு மே 24 அன்று ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, நான்கு படகுகளில், பத்து மாத உணவுடன் கிரீன் ஆற்றில் இறங்கினார். எதுவும் ஒரே படகில் இருக்கக் கூடாது என்று சாமானைப் பிரித்து ஏற்றினார்; ஒரு படகு போனாலும் எல்லாம் போகாது. அருமையான திட்டம். ஆனால் உயரம் அளக்கும் பாரமானிகள் மட்டும் எப்படியோ ஒரே படகில் சேர்ந்துவிட்டன. இரண்டு வாரம் கழித்து, நான்கில் பாறையில் மோதி உடைந்தது சரியாக அந்தப் படகு. உடைந்த பகுதியிலிருந்து பாரமானிகளை மீட்டார்கள். கூடவே ஆட்கள் பவலுக்குத் தெரியாமல் ஏற்றியிருந்த விஸ்கிப் பீப்பாயும் வந்தது. ஜூலை நடுவில் இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தை அடைந்தபோது மாவு நனைந்து கட்டிதட்டிப் போயிருந்தது. கொசுவலையைச் சல்லடையாக்கிச் சலித்தார்கள். சுமார் 90 கிலோவைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் இறுதியில் பயணம் முடிந்தபோது உடன் இருந்தவர்கள் பவலுடன் சேர்த்து ஆறு பேர்.

நம் நூறு லிட்டருக்கும் இதே நியாயம். ஒரே பெரிய டிரம்மில் ஏற்றினால் ஒரு விரிசலில் அத்தனையும் போகும். 20 லிட்டர் கேன் ஐந்து, இரண்டு ஜீப்பிலும் பிரித்து. சாவிக்கு நகல் அடுத்த வண்டியில். மருந்துப் பெட்டி, வரைபடம், தீப்பெட்டி இரண்டிரண்டு. இரண்டு வண்டி என்பதே இந்த யோசனைதான்; ஒன்று படுத்தால் மற்றது கயிறு கட்டி இழுக்கும், அல்லது ஆட்களை வெளியே கொண்டுவரும். காகித வரைபடத்தைக் கட்டுப்பெட்டித்தனம் என்று ஒதுக்காதீர்கள். போன் காட்டும் வழியை நம்பித் தவறான தடத்தில் போனவர்களைப் பற்றிப் பூங்காவே எச்சரிக்கிறது. செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவி ஒன்று அவசியம். ஆழமான இடுக்கிலிருந்து அதற்கு வானம் தெரியாது, திறந்த இடத்துக்கு ஏறி வந்து அழுத்த வேண்டும்.

வொயிட் ரிம்மை முடித்தவர்கள் அடுத்து ‘மேஸ்’ பகுதியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். பெயரே புதிர்வழி. நெடுஞ்சாலையிலிருந்து 74 கிலோமீட்டர் மண்சாலையில் போனால் வனக்காவலர் அலுவலகம் வரும். அங்கிருந்து இன்னும் 3 முதல் 6 மணி நேரம் கரடுமுரடில் போனால்தான் பள்ளத்தாக்கு. கழிவறைகூடக் கையோடு கொண்டுபோய், நிரப்பி, திருப்பிக் கொண்டுவர வேண்டும். முதல் பயணமாக அதைத் தேர்ந்தெடுப்பது என் பார்வையில் முட்டாள்தனம்.

அதே பக்கத்தில், ப்ளூஜான் என்ற பாறை இடுக்கில், 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்ற இளைஞர் நடந்து போனார். உருண்ட பாறை ஒன்று அவர் வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாளைக்கு மேல் நின்று, கடைசியில் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். டேனி பாயில் அதைப் படமாக்க, நம் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தது நினைவிருக்கும். திறமைக்குக் குறைவில்லாத மனிதர். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் போனதுதான் குறை.

ஆகவே கிளம்புவதற்கு முந்தின இரவு, தண்ணீரும் பெட்ரோலும் ஏற்றி முடித்த பிறகு, ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: போகும் வழி, ஒவ்வொரு இரவும் தங்கும் முகாமின் பெயர், வண்டிகளின் எண், ஆட்களின் பெயர், திரும்பும் நாள், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் காவலர் அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்பது. அதை ஊரில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். தார்ச்சாலை ஏறி, டயருக்குக் காற்றடித்து, சிக்னல் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் போன் அவருக்குத்தான். மறந்துவிட்டால், நீங்கள் ஓட்டலில் குளித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி ஹெலிகாப்டர் கிளம்பியிருக்கும்.